விலாசமுள்ள நெருப்பு

என் மேசைக்கு எதிர் மேசை அக்காவுடையது. திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தில் நான் கம்ப்யூட்டரில் பக்கம் அடிப்பவள். அக்கா புரூஃப் பார்ப்பவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். முதலாளியிலிருந்து பைண்டிங் பெண்கள் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

இரும்பு ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, உதட்டை அசைத்து அசைத்து வாசிப்பார். சிவப்புப் பேனாவின் மூடி பல்லுக்கிடையில் இருக்கும். வரி சரியாக இருந்தால் ஸ்கேல் ஒரு வரி கீழே இறங்கும். தப்பிருந்தால் மூடியைக் கடிக்கிற சத்தம் எனக்கே கேட்கும். "விஜி, ஒரு கால் விட்டுப் போச்சு பாரு" என்பார். துணைக்காலைச் சொல்கிறார். அவர் பார்த்து அனுப்பிய தாளில் பிழை கண்டுபிடித்து மிஷினை நிறுத்தியதாக எனக்கு ஞாபகமே இல்லை.

ஆடி பிறந்தால் எங்களுக்கு சீசன். இந்து வீடுகளுக்குப் போகிற தினசரிக் காலண்டரில் ராகு காலமும் எமகண்டமும் இருக்கும். கிறிஸ்தவ வீடுகளுக்குப் போவதில் நாளுக்கொரு வேத வசனம். அந்த வசனங்களைப் பொறுக்கித் தருவதும் அக்காவின் வேலை. ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "ஆசீர்வாத வசனமாப் போடுங்க. சாபம், தண்டனை, அழுகை இதெல்லாம் வேண்டாம். காலையில எந்திரிச்சதும் நல்லதைப் பார்க்கணும்ல."

அவர்கள் போன பிறகு அக்கா என்னைப் பார்த்துச் சொல்வார். "வருசம் பூரா கருப்பட்டி மிட்டாயே தின்னா வயிறு என்னத்துக்காகும் விஜி?"

பாதி வசனம் போடுவது அவருக்கு ஆகவே ஆகாது. ஒருமுறை நீதியின் சூரியன் உதிக்கும் என்று தொடங்குகிற வசனம் வந்தது. எல்லாக் காலண்டரிலும் ஜனவரியில் அது ஒரு தாளிலாவது இருக்கும். அக்கா தன் வேதப் புத்தகத்தைத் திறந்து அதற்கு முந்தின வசனத்தைக் காட்டினார். அங்கே சூளையைப் போல எரிகிற ஒரு நாள் வருகிறது. அகங்காரம் பிடித்தவர்கள் அதில் வைக்கோல்.

"மேல் வரியில அடுப்பு எரியுது. கீழ் வரியில சூரியன் வருது. ரெண்டும் ஒரே ஆளு ஒரே மூச்சுல சொன்னது. இவுக அடுப்பை வெட்டிட்டுச் சூரியனை மட்டும் ஒட்டுறாக" என்றார்.

நான் கருப்பசாமி கும்பிடுகிற வீட்டுக்காரி. அந்தத் தீர்க்கதரிசிகளின் பெயரெல்லாம் எனக்கு நிற்காது. ஆட்களை வைத்துத்தான் நினைவு வைத்திருக்கிறேன். ஆடு மேய்த்தவர் ஒருவர், வெட்டுக்கிளிக் கூட்டத்தைப் பார்த்தவர் ஒருவர், நாடு கடத்தப்பட்டுத் தீவில் கிடந்து கடைசிப் புத்தகத்தை எழுதியவர் ஒருவர். அக்கா அவர்களைப் பற்றிப் பேசினால் பக்கத்துத் தெருக்காரர்களைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும்.

அதுவரைக்கும் அது ஒரு புரூஃப் ரீடரின் கண்டிப்புதான். அவர் நெருப்பைப் பற்றியே பேச ஆரம்பித்தது செல்வராணி போன பிறகு.

செல்வராணி அக்காவின் தங்கை. அம்மா அப்பா இல்லாத வீட்டில் அக்காதான் அவளை வளர்த்தார். தபாலில் டிகிரி முடித்திருந்தாள். அக்கா மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு வந்த நாட்களில் தூக்குச்சட்டியோடு பஸ் ஏறி வந்து, என் கம்ப்யூட்டரில் தன் பெயரை விதவிதமான எழுத்தில் அடித்துக் காட்டச் சொல்லிச் சிரிப்பாள். சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். லைசென்ஸ் வேறொருவர் பேரில். குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் அக்காவின் சபையிலேயே முன்வரிசையில் உட்காருகிறவர். ஊரே அவரை அண்ணாச்சி என்றது.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைத் தேநீருக்கு முன்னால், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் யாரும் பேச மாட்டார்கள். முதலில் வெளியே வந்து புகை எந்தத் திசையில் என்று பார்ப்பார்கள். பிறகு போனை எடுப்பார்கள். அக்கா புகையைப் பார்த்தார். போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்கேலை மேசையில் நேராக வைத்துவிட்டு, செருப்புப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் பதினொரு பேர் இருந்திருக்கிறார்கள். ஐந்து பேர் அங்கேயே. செல்வராணி தீக்காயப் பிரிவில் நாலு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனேன். உடம்பில் படாதபடி கம்பி வளைத்துத் துணி போட்ட கூண்டுக்குள் இருந்து, "அக்கா, முகம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"முகத்துக்கு ஒண்ணும் இல்ல தாயி. அப்படியே இருக்கு" என்றார் அக்கா.

வெளியே வந்து சுவரில் சாய்ந்து, "தெரிஞ்சே தப்பை விட்டுட்டேன் விஜி" என்றார்.

அடுத்து வந்ததுதான் அவரை மாற்றியது. கம்பெனியின் போர்மேன் போலீஸில் சொன்ன வாக்குமூலம் இது: செல்வராணி மருந்துச் சட்டியைத் தரையில் வைத்து இழுத்தாள், உராய்ந்து தீப்பிடித்தது, பல தடவை சொல்லியும் கேட்கவில்லை. மருந்து என்றால் இங்கே வெடிமருந்துதான்; அதைப் பட்டாசுக் குழாயில் அடைப்பதைச் செலுத்துவது என்போம். செத்துப்போன பெண்ணின் அஜாக்கிரதையால் ஆறு பேர் செத்தார்கள் என்று காகிதத்தில் ஏறிவிட்டது. மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் அக்காவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாரியம்மாள் என்று ஒருத்தி இறந்திருந்தாள். அவளுடைய தாய் தெருக்குழாயில் அக்காவின் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் குடத்தை வைத்தார்.

அண்ணாச்சி கொஞ்ச நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சாட்சி சொன்னார். வெடிப்பதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தேநீர் குடிக்க வெளியே போனாராம். எரிகிற நெருப்பிலிருந்து பிடுங்கி எடுத்த கொள்ளிக்கட்டை போல ஆண்டவர் தன்னை எடுத்தாராம். ஜனங்கள் தோத்திரம் சொன்னார்கள்.

பெண்கள் வரிசையிலிருந்து அக்கா எழுந்தார்.

"அண்ணாச்சி, வசனத்தைப் பாதியில நிறுத்திட்டீக."

போதகர் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அக்கா உட்காரவில்லை.

"கொள்ளிக்கட்டைய நெருப்புலருந்து எடுத்தேன்னு ஆடு மேய்ச்ச தீர்க்கதரிசி சொன்னது நெசந்தான். ஆனா அதுக்கு அடுத்தாப்புல, அம்புட்டுக்குப் பிறகும் நீங்க என்கிட்டத் திரும்பலையேன்னு இருக்கு. அது வாழ்த்து இல்ல அண்ணாச்சி. குத்தப் பத்திரிகை. மிச்சத்தையும் வாசிங்க."

யாரும் வாசிக்கவில்லை. பாட்டு ஒன்று தொடங்கி அவர் குரலை மூடிவிட்டார்கள்.

இதை அவர் மறுநாள் என்னிடம் சொன்னார். "இனிமே எனக்கு ஒரே வேலைதான். அவரு மேல நெருப்பு இறங்கணும்" என்றார். புரூஃப் தேதியைச் சொல்வது போலச் சொன்னார். ஞாயிறுதோறும் அண்ணாச்சிக்கு நேர் பின்னால், ஆண்கள் வரிசை முடிந்து பெண்கள் வரிசை தொடங்குகிற இடத்தில் உட்கார ஆரம்பித்தார். "அவரு பிடரியைப் பார்த்துக்கிட்டேதான் ஜெபிக்கேன். தலையைத் திருப்பவே மாட்டாரு. சூடு தெரியும்ல."

"மன்னிச்சிரலாம்லக்கா" என்றேன் ஒருநாள், சும்மா வாயில் வந்ததை.

"மன்னிக்கதுக்கு முன்னாடி அவரு கேக்கணும்ல விஜி? கேக்காத ஆளுக்கு எதை எடுத்துக் கொடுக்க?"

தை மாதம் அவர்கள் சபையில் கடைசிக் காலக் கூட்டம் என்று மூன்று நாள் நடந்தது. சாயங்கால வேளை, பந்தல் போட்டு, நாற்காலி போட்டு. அக்கா கூப்பிட்டதால் இரண்டாம் நாள் நானும் போனேன். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒரு நீளத் துணிப்படத்தைத் தொங்கவிட்டிருந்தார். ஏழு தலைப் பாம்பு, இரத்தமாகிற கடல், உதிர்கிற நட்சத்திரம், கடைசியில் ஒரு நெருப்புக் கடல். குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பழைய தீர்க்கதரிசிகள் சொன்ன நெருப்பெல்லாம் இந்தக் கடைசி நாளைப் பற்றித்தான், இன்னும் நடக்கவில்லை, நடப்பதற்கு முன்னால் விசுவாசிகளை ஆண்டவர் வானத்துக்கு எடுத்துக்கொள்வார் என்றார். முன்வரிசையில் அண்ணாச்சி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சந்தேகம் கேட்கலாம் என்று அவர் சொன்னதும் அக்கா எழுந்துவிட்டார்.

"ஐயா, கம்பெனி நடத்துறவரு ஒரு விசுவாசி. அவரை நெருப்பு வாரதுக்கு முன்னாடி எடுத்துக்கிடுவாகளா?"

"நிச்சயமாக எடுத்துக்கொள்ளப்படுவார், சகோதரி."

"அவருகிட்ட மருந்து செலுத்துன மாரியம்மா, அம்மன் கோயிலுக்குத் தீச்சட்டி எடுக்குறவ. அவ?"

பிரசங்கியார் குச்சியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"அப்போ அவளுக்கு ரெண்டு தரம் நெருப்பு" என்றார் அக்கா. "இங்கன ஒரு தரம், அங்கன ஒரு தரம். அவருக்கு ஒரு தரங்கூட இல்ல. இப்படி ஒரு கணக்கை எந்தத் தீர்க்கதரிசியும் சொல்லலையே ஐயா. அவுக நெருப்புக்கு விலாசம் உண்டு. இந்த ஊரு, இந்தக் கோட்டை, இந்த ராசான்னு பேரு சொல்லி அனுப்புனாக. ஏழையை ஒரு சோடிச் செருப்புக்கு வித்தவன் வீட்டுக்குன்னு சொன்னாக. அதுலயும் சொந்த சனத்தை விடல. நீங்க விலாசத்தைக் கிழிச்சிட்டு, வானத்துல தொங்கவிட்டிருக்கீக. யாரு மேலயும் விழாத நெருப்பு எங்களுக்கு எதுக்கு?"

கூட்டத்தில் சலசலப்பு. அண்ணாச்சி எழுந்து போய்விட்டார். அக்காவின் கையைப் பிடித்து நான்தான் வெளியே கூட்டி வந்தேன். அந்தக் கை கொதித்தது.

சபைப் போதகர் இளவயதுக்காரர், நன்றாகப் படித்தவர். அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருந்தது அவரை உறுத்தியிருக்க வேண்டும். மறுவாரம் அச்சகத்துக்கே வந்தார். சபைப் பத்திரிகைக்குப் புரூஃப் கொடுக்கிற சாக்கில் அக்காவின் மேசையருகே நின்றார்.

"பிரசங்கியார் மேலே கோபப்படுங்கம்மா. தீவிலே கிடந்த அந்தக் கிழவர் மேலே கோபப்படாதீங்க" என்றார். "அவருக்குப் பழைய தீர்க்கதரிசிகள் மனப்பாடம். வெட்டுக்கிளியை அங்கேயிருந்துதான் எடுத்தார். விழுந்துபோகிற பெரிய நகரமும் மேலே எழும்புகிற புகையும் அவுக சொன்னதுதான். அந்தத் தணலை அள்ளிக்கொண்டு வந்து, தன்னைச் சிறை வைத்த பேரரசு மேலே கொட்டினார். வெளிப்படையாச் சொன்னா தலை போயிரும். அதனாலே பாம்பு, மிருகம் என்று மறைச்சு எழுதினார். அவர் நெருப்புக்கும் விலாசம் இருக்கு."

ஒரு இடத்தைத் திறந்து காட்டினார். பெரிய நகரம் எரிகிறது. அதோடு வியாபாரம் செய்தவர்கள் தூரத்தில் நின்று அழுகிறார்கள், இனி எங்கள் சரக்கை யார் வாங்குவார் என்று. சரக்குகளின் பட்டியல் நீளமாகப் போகிறது. பொன், பட்டு, வாசனைத் தைலம், மாடு, ஆடு. கடைசிச் சரக்கு மனிதர்களின் உயிர்.

அக்கா ஸ்கேலை அந்த வரிக்கு அடியில் வைத்தார். வெகுநேரம் ஸ்கேல் கீழே இறங்கவில்லை.

"அந்தக் கிழவரும் நம்மாளுதான்" என்றார் கடைசியில். பிறகு பக்கத்தைப் பின்னால் புரட்டி இன்னொரு இடத்தைக் காட்டினார். "ஆனா இதைப் பாருங்க ஐயா. கொல்லப்பட்டவுக ஆத்துமா பலிபீடத்துக்குக் கீழ இருந்து, எம்புட்டு நாளைக்கு ஆண்டவரே, எங்க ரத்தத்துக்கு எப்போ பழி வாங்குவீகன்னு கேக்குது. அதுக்கு வெள்ளை அங்கி ஒண்ணைக் கொடுத்து, இன்னும் கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லுறாக. கோர்ட்டுல தாராகளே, வாய்தா. அதேதான். எனக்கு அங்கி வேண்டாம் ஐயா."

போதகர் வேதப் புத்தகத்தை மூடினார். புரூஃபை வைத்துவிட்டுப் போனார்.

அந்த வருஷம் ஆடியில் அண்ணாச்சி காலண்டர் ஆர்டர் கொடுத்தார். மச்சினன் பேரில் வேறொரு கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் எங்கள் அச்சகத்தில்தான் அடிப்பார். வியாபாரிகளுக்கும் வேலைக்காரர் வீடுகளுக்கும் அவரே கொடுத்து அனுப்புவார். முதலாளி தயங்கினார். "அக்கா, இதை வேற ஆளைப் பார்க்கச் சொல்றேன். உங்களுக்கு மனக்கஷ்டம் வேண்டாம்" என்றார்.

"நானே பார்க்கேன் முதலாளி. எனக்கென்ன, வசனந்தான?" என்றார் அக்கா.

முந்நூற்று அறுபத்து நாலு நாளுக்கும் ஆசீர்வாதம். அப்படி இனிப்பான ஒரு தொகுப்பை அவர் அதுவரை செய்ததில்லை. ஆவணி மாதத் தாள்களை அடிக்கிறபோது என் கை நின்றது. செவ்வாய்க்கிழமை வெடித்த அந்தத் தேதிக்கு, கொள்ளிக்கட்டை வசனம் முழுசாக எழுதப்பட்டிருந்தது. திரும்பவில்லையே என்பது வரைக்கும். அதற்குக் கீழே, மற்றத் தாள்களில் சின்ன எழுத்தில் ஜெபக்குறிப்பு வருகிற இடத்தில், ஆறு பெயர்கள். பாண்டியம்மாள். காளீஸ்வரி. மாரியம்மாள். முத்துலட்சுமி. கருப்பாயி. செல்வராணி.

நான் எதிரே பார்த்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு வீட்டுல காலையில குடும்ப ஜெபம் உண்டு. அன்னைக்கு உள்ள தாளை அவருதான் சத்தமா வாசிப்பாரு, கீழ உள்ள குறிப்போட சேர்த்து. பொண்டாட்டி, மகள் எல்லாரும் உக்காந்திருப்பாக. அவரு வாயாலயே வாசிக்கணும் விஜி. பாதியில நிறுத்த முடியாது. அவரு என்னன்னு புரிஞ்சுக்கிடதுக்குள்ள பேரு வந்திரும்."

"வேலை போயிரும்கா. எனக்கும் சேர்த்து."

"வேண்டாம்னா இப்பமே சொல்லு. நானே அடிச்சுக்கிடுதேன். எனக்குத் தட்டுத் தடுமாறி அடிக்கத் தெரியும்."

நான் அடித்தேன். ஏன் என்று கேட்டால், அந்த ஆறாவது பெயரை அதே கம்ப்யூட்டரில் விதவிதமான எழுத்தில் அடித்துக் காட்டியவள் நான். பெரிய தைரியமெல்லாம் இல்லை. பயத்தோடேயே அடித்தேன்.

அண்ணாச்சி புரூஃபில் முதல் தாளையும், தன் கம்பெனிப் பெயரையும், போன் நம்பரையும் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். ஆவணியை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

டிசம்பரில் காலண்டர் போனது. பிறகு எட்டு மாதம். தினமும் ஒரு தாள் கிழிய கிழிய அந்தத் தேதிக்கு இன்னும் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அக்கா வழக்கம் போல ஸ்கேலை நகர்த்திக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது; எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இலை போட்டாகிவிட்டது, பரிமாற வேண்டியதுதான் பாக்கி என்று உட்கார்ந்திருப்பவர் முகம்.

அந்த நாள் காலையில் அச்சகம் திறந்து அரைமணி நேரம் இருக்கும். அண்ணாச்சியின் கார் வாசலில் நின்றது. வேட்டி கட்டியிருந்தவர் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். கையில் கசங்கிய தாள். நேராக அக்காவின் மேசைக்கு வந்தார்.

"என் வீட்டு ஜெபத்துல, என் வாயால, என் மக முன்னாடி வாசிக்க வச்சிட்டியே! நீ ஒரு பொம்பளையா?"

மிஷின்கள் நின்றன. அக்கா பேனா மூடியைப் பல்லிலிருந்து எடுத்தார்.

"முழுசும் வாசிச்சீகளா அண்ணாச்சி?"

அவர் தாளை இன்னும் கசக்கினார்.

"ஆறு பேரும் வாசிச்சீகளா? கடைசிப் பேரு வாசிச்சீகளா?"

"கேஸ் போடுவேன். உன்னையும் இந்த அச்சாபீசையும் தெருவுல நிறுத்துவேன்."

"போடுங்க. வசனம் வேதத்துல உள்ளது. பேரு பிரேதப் பரிசோதனைச் சீட்டுல உள்ளது. நான் சொந்தமா ஒரு எழுத்து சேர்க்கல. பிழை இருந்தாச் சொல்லுங்க, திருத்திக்கிடுதேன்."

அண்ணாச்சியின் உதடு கோணியது. அந்த ஆள் அழுதுவிடுவாரோ என்று நினைத்தேன். அழவில்லை. தாளை அக்காவின் முகத்தில் எறிந்துவிட்டுப் போனார். அக்கா அதை எடுத்து மேசையில் வைத்து, கையால் நீவி நேராக்கினார். முதல் பெயரான பாண்டியம்மாள் மேல் வியர்வை ஈரத்தோடு ஒரு விரல் ரேகை இருந்தது. அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்க ஆசைப்படுகிறேன்.

முதலாளி கூப்பிட்டார். "அடிச்சது யாரு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "அவளுக்கு என்ன தெரியும் முதலாளி? எழுதிக் கொடுத்ததை அடிக்கிறவ. சரின்னு கையெழுத்துப் போட்டது நான்." நான் சும்மா நின்றேன். அவர் தன் ஸ்கேலையும் இரண்டு பேனாவையும் பைக்குள் போட்டுக்கொண்டு அன்றைக்கே போய்விட்டார். என் வேலை தப்பியது. அந்த மௌனத்துக்கு இன்றைக்கும் என்னிடம் நல்ல சமாதானம் எதுவும் இல்லை.

ஆனால் அக்கா கணக்குப் போட்டதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தது. அந்தக் காலண்டர் வேலைக்காரர் வீடுகளுக்கும் போயிருந்தது அல்லவா? மறுநாள் யாரும் தாளைக் கிழிக்கவில்லை. கம்பெனியைச் சுற்றியிருந்த நாலைந்து ஊர்களில், வீட்டில், டீக்கடையில், ரேஷன் கடைக்கு எதிரே இருந்த சைக்கிள் கடையில், எல்லாக் காலண்டரும் அந்தத் தேதியிலேயே நின்றன. புரட்டாசி வந்தது, ஐப்பசி வந்தது, தீபாவளி போனது. சுவரில் ஆவணிதான். யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை.

மாரியம்மாளின் தாய் அச்சகத்துக்கு வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். "எம்மக பேரு எந்த எடத்துல இருக்குன்னு தொட்டுக் காட்டு தாயி" என்றார். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டே, "அவ பேரு அச்சுல வந்ததே இல்ல. கல்யாணத்துக்குக்கூடப் பத்திரிகை அடிக்கல" என்றார். பிறகு, "அந்தப் பிள்ளை வீட்டு அக்கா இப்ப எங்கன இருக்கு? நான் குடத்தைத் தள்ளி வச்சேன், அதுகிட்ட ஒரு வார்த்தை பேசணும்" என்றார். அக்கா அப்போது சாத்தூரில் ஒரு தீப்பெட்டி லேபிள் அச்சகத்தில் சேர்ந்து, அங்கேயே குடியும் போயிருந்தார். விலாசம் எழுதிக் கொடுத்தேன்.

கேஸ் அடுத்த வருஷம் சாட்சி விசாரணைக்கு வந்தது. அக்கா ஒரு வாய்தாவையும் விட்டதில்லை. நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். மாரியம்மாளின் தாய் எங்களோடு உட்கார்ந்திருந்தார். போர்மேன் கூண்டில் ஏறினார். ஆள் பாதியாகியிருந்தார். செல்வராணிதானே சட்டியை இழுத்தாள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"இல்லீங்க" என்றார்.

வக்கீல் பழைய வாக்குமூலத்தை எடுத்துக் காட்டினார்.

"அது அண்ணாச்சி சொல்லச் சொன்னது. முந்தின நாள் கலந்த மருந்து மிச்சம் கிடந்துச்சு. அதை அழிச்சிரணும், வச்சிருக்கக் கூடாது. அந்தப் பிள்ளைதான் முதல்ல கண்டுபிடிச்சுச்சு, அண்ணே, சட்டி சுடுது, வாடை வேற மாதிரி வருதுன்னு. நான் அண்ணாச்சிகிட்டச் சொன்னேன். ஆர்டர் நிக்குது, செலுத்தச் சொல்லுன்னுட்டு அவரு காரை எடுத்துட்டுப் போயிட்டாரு. அந்தப் பிள்ளை சட்டியை வெளியே தூக்கிட்டுப் போகத்தான் எந்திரிச்சுச்சு." கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "என் வீட்டுச் செவுத்துல இருந்து அந்தப் பேரு இறங்க மாட்டேங்குதுங்க. என் பொண்டாட்டி அந்தத் தாளைத் தொடவிட மாட்டேங்கா."

மாரியம்மாளின் தாய் வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டார். அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அசையவில்லை. சில மாதங்களில் தீர்ப்பு வந்தது, அண்ணாச்சிக்குச் சிறை. அப்பீல் போட்டிருக்கிறார் என்று கேள்வி. அதையெல்லாம் நான் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் அக்காவைக் கடைசியாகப் பார்த்தது போர்மேன் சாட்சி சொன்ன அந்த மத்தியானம்தான்.

கோர்ட்டிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "செல்வராணி பேரு சுத்தமாயிருச்சுக்கா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் வெளியே சீமைக்கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சிகிட்ட வேலை கேட்டது நான்தான் விஜி" என்றார். "ஆராதனை முடிஞ்சு வெளியே வரும்போது வாசல்ல நிறுத்திக் கேட்டேன். ஆபீசுல ரிஜிஸ்டர் எழுதுற வேலைதான் கேட்டேன். கொடுத்தாரு. சீசன் வந்ததும் மருந்து செலுத்த உக்கார வச்சிட்டாக."

"அது உங்களுக்குத் தெரியாதுல்லக்கா."

"தெரியும். ஒரு வாரத்துக்கு முன்னாடி அவளே வந்து சொன்னா. கை எரியுதுக்கா, பயமா இருக்கு, நாளைலருந்து போகலன்னா. நடு சீசன்ல நின்னா அண்ணாச்சிக்குச் சங்கடம், தீபாவளி முடியட்டும், அதுவரைக்கும் பொறுத்துக்கோன்னேன்."

பஸ் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவ சரின்னு சொல்லல. தலையை மட்டும் ஆட்டுனா" என்றார்.

அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. கண்டக்டர் இரண்டு தரம் விசிலடித்த பிறகுதான் எழுந்தார். இறங்கி, பஸ் நகரும்வரை அங்கேயே நின்றார். வெயிலுக்குக் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொள்ளக்கூட இல்லை.